மஞ்சள் துணியில் ஐம்பது ரூபாய்

கொழும்பு, சதாம் வீதி

கோத்தகிரியிலிருந்து கிளம்பும்போதே பையின் அடியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சை வைத்துக்கொண்டேன். அப்பாயியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின், அவளுடைய தகரப் பெட்டியின் அடியில் கிடைத்தது அது. உள்ளே நான்கு காகிதங்கள். ஒரு ரூபாய் நோட்டு ஒன்று, ஐம்பது ரூபாய் நோட்டுகள் இரண்டு, தபால்தலையைவிடச் சற்றே பெரிய கிழிசல் ஒன்று. நான்கும் சிலோன் பணம். 1973இல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவள், கொண்டுவந்த பாத்திரங்களைக்கூட ஒவ்வொன்றாகத் தொலைத்தவள், இந்த முடிச்சை மட்டும் ஏன் அவிழ்க்காமல் வைத்திருந்தாள்? அதைக் கேட்க இந்த உலகத்தில் ஒருத்திதான் மிச்சம். அவளுடைய தங்கை, கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிற சின்ன அப்பாயி.

மலைக்குப் போகுமுன் ஒரு பகல் கொழும்பில் இருந்தேன். கோட்டையில் சதாம் வீதியிலுள்ள பழைய கட்டடமொன்றில் இலங்கை மத்திய வங்கி ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் இந்தத் தீவின் காசுகளும் நோட்டுகளும் குளிர்ந்து கிடந்தன. வாங்குவதற்கும் விற்பதற்கும் பிறந்த பொருள்கள் யார் கையும் படாமல் இருப்பதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

என் முடிச்சிலிருந்த ஒரு ரூபாயை அங்கே அடையாளம் கண்டுகொண்டேன். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முகம், 1951 ஜனவரி 20 என்ற தேதி. மத்திய வங்கி 1950 ஆகஸ்ட் 28ஆம் தேதி தொடங்கப்பட்டபின் வந்த முதல் நோட்டுகளில் ஒன்று. அதில் இரண்டு கையெழுத்துகள். ஒன்று அப்போதைய நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தனவுடையது. மற்றது வங்கியின் முதல் ஆளுநர் ஜான் எக்ஸ்டருடையது. எக்ஸ்டர் அமெரிக்கர். அந்த நாட்டு மத்திய வங்கியில் வேலை பார்த்தவரை அழைத்துவந்து இங்கே வங்கி கட்டச் சொல்லியிருக்கிறார்கள். வாழ்நாளில் கையெழுத்துப் போடாமல் பெருவிரலை மட்டுமே ஒற்றிய என் அப்பாயி, ஓர் அமெரிக்கரின் கையெழுத்தை எழுபது ஆண்டு பெட்டிக்குள் வைத்திருந்தாள்.

நாவலப்பிட்டிக்கு மேலே

கோட்டையிலிருந்து காலை ரயில். இங்கே தோட்டத்து மக்கள் அதைக் கோச்சி என்கிறார்கள். ரம்புக்கனையில் ஏற்றம் தொடங்கியது. கடுகண்ணாவையில் பள்ளத்தாக்கு கண்ணைப் பறித்தது. நாவலப்பிட்டியில் ஒரு பொடியன் கடலைக் கூம்பு விற்றுக்கொண்டு ஏறினான். கூம்பு, யாரோ ஒரு பிள்ளையின் கணக்குக் கொப்பியிலிருந்து கிழித்த தாள். வட்டிக் கணக்கு, பத்துக்கு ஏழு மதிப்பெண், சிவப்பு மையில். கடலை தீர்ந்தபின்னும் அதைக் கசக்கி எறிய மனம் வரவில்லை.

வட்டவளையில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் நீலகிரியில் மழை வரும், போகும், இடையில் மலை காயும். இங்கே மழை ஊரோடு குடியிருக்கிறது. தண்டவாளத்தின் இரு பக்கமும் தேயிலை, இடையிடையே வெள்ளையடித்த மதிலும், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களும். எதிரில் இருந்த பெரியவர், “இந்தியாவா தம்பி?” என்றார். கோத்தகிரி என்றதும், “அங்கன நம்மாளுக நிறைய இருக்காங்களே” என்றார். எனக்குச் சிரிப்பும் வலியும் ஒன்றாக வந்தன. அங்கே எங்களைச் சிலோன்காரங்க என்பார்கள். தமிழ்நாட்டு அரசு 1968இல் எங்களைப் போன்றவர்களுக்காக நீலகிரியில் தேயிலை பயிரிடத் தொடங்கியபோதும், அந்தக் குடியிருப்புகளுக்கு ஊர் வைத்த பெயர் சிலோன் காலனிதான். இங்கேயோ இருநூறு ஆண்டு ஆகிவிட்டது, இன்னும் இந்தியாக்காரர்.

இந்தப் பாதைக்கும் என் பையிலிருந்த காகிதங்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. தேயிலைக்கு முன் இந்த மலைகளெல்லாம் கோப்பி. 1869இல் இலையில் துருப்பிடித்தாற்போல் ஒரு நோய் தென்பட்டது. பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் தோட்டம் தோட்டமாகக் கோப்பி செத்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்தது ஓரியண்டல் பாங்க் கார்ப்பரேஷன். அப்போது இந்தத் தீவில் மக்கள் கையில் புழங்கிய நோட்டுகளில் பெரும்பங்கு அந்தத் தனியார் வங்கி அச்சிட்டதே. 1884 மே மாதத் தொடக்கத்தில் அது கதவைச் சாத்தியது. கையில் நோட்டு வைத்திருந்தவர்கள் தெருவில் நின்றார்கள். ஆளுநர் ஆர்தர் கோர்டன், அந்த நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்தார். லண்டனின் உத்தரவு வரும்வரை காத்திருந்தால் பஞ்சமும் கலகமும் வந்திருக்கும் என்பது அவர் கணக்கு. அந்த முடிவை நான் மதிக்கிறேன். அதன் தொடர்ச்சியாக 1885 முதல் இலங்கை அரசாங்கமே நோட்டு வெளியிடத் தொடங்கியது.

அதே 1884இல்தான் ரயில் பாதை ஹட்டனுக்கு வந்து சேர்ந்தது. வங்கி விழுந்த ஆண்டில் தண்டவாளம் ஏறியது. கோப்பி போன இடத்தில் தேயிலை வந்ததால் அந்தத் தண்டவாளம் வீண்போகவில்லை. தேயிலை வந்ததால் திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து இன்னும் ஆள்கள் வந்தார்கள். அந்த ஆள்களில் என் பாட்டனாரின் தகப்பனும் ஒருவர்.

ஹட்டன், சிங்கமலை

ஹட்டனில் வண்டி நின்றபோது பனிமூட்டம் மேடைக்குள் நடந்து வந்தது. இறங்கி, மாணிக்கப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, கடைத்தெருவில் ஒரு சுற்று வந்தேன். அடகுக் கடைகள், துணிக் கடைகள், பெயர்ப் பலகையெல்லாம் தமிழில். ஒரு கடையில் ரொட்டியும் மாசிச் சம்பலும் தின்றேன். சில்லறையாக வந்த நோட்டுகளுள் 1991ஆம் ஆண்டு வரிசையைச் சேர்ந்த பழைய நூறு ரூபாய் ஒன்று இருந்தது. பின்பக்கம் நெடுக்குவாட்டில் அச்சிட்டது. கொழுந்து பறிக்கும் பெண்களும் இரண்டு கிளிகளும். எனக்குத் தெரிந்து எங்கள் சனத்தின் உருவம் ஒரு நாட்டின் பணத்தில் ஏறியது இதில்தான். அந்த நோட்டு வந்த காலத்தில், நாள் முழுக்க மலையில் நின்றாலும் ஒரு பேருக்கு நூறு ரூபாய் கூலி கிடையாது. தன் படம் போட்ட தாளை அந்தப் பெண்ணால் ஒரு நாளில் சம்பாதிக்க முடியவில்லை. பிறகு ஆயிரம் ரூபாய் நாள் சம்பளம் கேட்டு வருடக்கணக்காகப் போராடி, 2021இல்தான் அது வர்த்தமானியில் ஏறியது.

அடுத்த வண்டியில் கொட்டகலை. ஹட்டனை விட்டதுமே சிங்கமலைச் சுரங்கம். பெட்டிக்குள் பிள்ளைகள் ஊளையிட்டார்கள், பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இருட்டு விலகியபோது மறுபக்கத்தில் வேறொரு வெளிச்சம், வேறொரு பச்சை.

கொட்டகலை டவுன்

சின்ன டவுன். ஒரு நீண்ட தெரு, மரக்கறி லொறிகள், பள்ளி விட்டு வரும் வெள்ளைச் சீருடைகள், தூரத்தில் எண்ணெய்க் குதங்கள். கொஞ்சம் தள்ளிப் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருப்பதால் ஊரில் ஆசிரியர்களுக்குக் குறைவில்லை. அப்படி ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரிடம்தான் எனக்கு வேலை இருந்தது. நாற்பது ஆண்டாக நோட்டும் காசும் சேர்ப்பவர். பிளேன்டீ வந்தது, கையில் ஒரு துண்டு சர்க்கரையோடு. அதைக் கடித்துக்கொண்டு குடிக்கச் சொன்னார்.

முடிச்சை அவிழ்த்ததும் அவர் நோட்டைத் தொடவில்லை. முதலில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஓரங்களைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்தினார். நீர்க்குறி தெரிகிறதா, எத்தனை மடிப்பு, குண்டூசித் துளை உண்டா, மூலை வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா என்று ஒரு வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் பார்த்தார். “கழுவியிருக்காங்களா? இஸ்திரி போட்டிருக்காங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “நல்லது சேர். பழசு அழுக்கா இருந்தா அது பழசு. கழுவினா அது பொய்.” பலர் விற்குமுன் நோட்டை அழகாக்குவதாக நினைத்துச் சோப்புத் தண்ணீரில் அலசி, பெட்டி போட்டுத் தேய்த்துக் கொண்டுவருவார்களாம். தாளின் மொறுமொறுப்பும் மையின் மேடும் போய்விடும். கைதேர்ந்த ஆள் விரலாலேயே கண்டுபிடித்துவிடுவார்.

ஒரு நோட்டை அடையாளம் காண அவர் பார்க்கிற வரிசை எனக்குப் பிடித்திருந்தது. படத்தைக் கடைசியில்தான் பார்ப்பார். முதலில் தேதி, ஏனென்றால் இந்த நாட்டு நோட்டுகளில் தேதி முழுதாக அச்சிட்டிருக்கும். அடுத்து கையெழுத்து. ஒரே படம் பத்து வருடம் ஓடும், அதற்குள் நிதியமைச்சர் மாறுவார், ஆளுநர் மாறுவார். சில கையெழுத்துச் சோடிகள் சில மாதமே நீடித்திருக்கும், அவை அபூர்வம். பிறகு இலக்கத்துக்கு முன்னால் நிற்கும் எழுத்து. அதன்பின் வங்கியின் பெயர். நாடு 1972இல் ஸ்ரீலங்கா ஆனபிறகும் 1985 வரை நோட்டில் ஆங்கிலத்தில் சிலோன் மத்திய வங்கி என்றே இருந்தது. “தமிழ்ல பாருங்க” என்று இரண்டு காலத்து நோட்டுகளை அருகருகே வைத்தார். இரண்டிலும் இலங்கை மத்திய வங்கி. நம் மொழியில் இது என்றைக்கும் இலங்கைதான், மாற்ற ஒன்றுமில்லை.

என் கிழிசலைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. யுத்தத்தில் உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்த 1942இல் சில்லறைக் காசுக்குப் பதிலாக அச்சிட்ட ஐந்து சதத் தாளின் பாதி அது. நடுவில் துளைக்கோடு போட்டு, கிழித்தால் இரண்டு சதம், மூன்று சதம் என இரண்டாகும்படி செய்திருந்தார்கள். என்னிடம் இருந்தது மூன்று சதம். கிழியாமல் முழுதாக இருந்தால் சேகரிப்பவர்கள் தேடி வருவார்கள், பாதிக்கு அவ்வளவு மதிப்பில்லை என்றார். எனக்கு அந்தப் பாதிதான் உயர்வாகப் பட்டது. இரண்டு சதத்துக்கு என்ன வாங்கியிருப்பார்கள்? கருவாடா, வெற்றிலையா, தீப்பெட்டியா? கிழித்த விரல் என் கொள்ளுப்பாட்டியுடையதாக இருக்க வேண்டும்.

அவர் தம் பெட்டியிலிருந்து ஓர் அமெரிக்க நோட்டு எடுத்தார். அங்கே குடியேறிய பழைய மாணவர் ஒருவர் அனுப்பியது. 1929 வரிசை, பழுப்பு முத்திரை. முகப்பில் ஒரு சிற்றூரின் பெயரும் அந்த ஊர் வங்கியின் பெயரும். அமெரிக்காவில் 1863 சட்டத்துக்குப் பின் 1935 வரை, ஊர் ஊராக இருந்த தேசிய வங்கிகள் தங்கள் பெயரில் நோட்டு வெளியிட்டன. ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு பட்டய எண், நோட்டிலேயே அது இருக்கும். வங்கித் தலைவரும் காசாளரும் கையெழுத்திடுவார்கள். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வங்கிகள் இப்படி நோட்டு விட்டிருக்கின்றன. அங்கே சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது தாங்கள் பிறந்த ஊரின் நோட்டை. ஊர் சின்னதாகச் சின்னதாக விலை பெரிதாகும். நியூயார்க் வங்கியின் நோட்டு நிறையக் கிடைக்கும், நாலு தெருவும் ஒரு மாவு ஆலையும் உள்ள ஊரின் வங்கி விட்ட நோட்டுக்கு ஏலத்தில் அடிபிடி. இன்னொன்றையும் சொன்னார். அந்த வங்கிகள் அரசுக் கடன் பத்திரங்களைக் கருவூலத்தில் ஈடாக வைத்தபிறகே நோட்டு பெற முடியும். வங்கி திவாலானாலும் நோட்டு சாகாது, கருவூலம் பணம் தரும். ஓரியண்டல் வங்கி நோட்டுக்கு அந்த ஏற்பாடு இல்லை. ஓர் ஆளுநரின் துணிச்சல்தான் ஈடு.

“அந்த ஓரியண்டல் நோட்டு இப்ப ஏன் கிடைக்கிறதில்ல தெரியுமா? அரசாங்கம் சொன்ன சொல்லக் காப்பாத்திச்சு. கொண்டுவந்து குடுத்தவங்களுக்கெல்லாம் பணம் குடுத்துத் தாளை அழிச்சிட்டாங்க. குடுக்க முடியாம போன தாளுதான் மிஞ்சும்.”

கொட்டகலையின் பெயர் போட்ட நோட்டு உண்டா என்று கேட்டேன். எழுந்து உள்ளே போனவர், உள்ளங்கையில் ஒரு தகர வில்லையோடு வந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, இந்தியாவிலிருந்து வரும் கூலியாட்களின் உடம்பில் கட்டியனுப்பிய டின் டிக்கட். பகுதிக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண். அமெரிக்காவில் வங்கிக்கு எண் கொடுத்துத் தாளில் அச்சிட்டார்கள். இங்கே தோட்டத்துக்கு எண் கொடுத்து ஆளின் கழுத்தில் கட்டினார்கள். கடனைத் தீர்க்கும்வரை தொழிலாளியைப் பிடித்துவைத்த சீட்டுக்கும் வெள்ளைக்காரர்கள் எங்கள் சொல்லையே எடுத்துத் துண்டு என்று பெயர் வைத்தார்கள். இந்தத் துண்டின் தொகையைக் கொடுப்பவன் அந்த ஆளை எடுத்துக்கொள்ளலாம். 1921இல்தான் அந்த முறையை ஒழித்தார்கள். வில்லையை நான் கையில் வாங்கவில்லை. மேசையில் வைக்கச் சொல்லிப் பார்த்தேன்.

ஐம்பது ரூபாய் நோட்டுகளின் தேதியைப் பார்த்ததும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “இது எழுபதுல செத்த நோட்டு. வீட்டுல ஏன் வச்சிருந்தாங்க?” அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன் என்றேன். அவர் ஒரு விலை சொன்னார். மஞ்சள் கறை ஏறாமல் இருந்தால் இன்னும் கூடும் என்றார்.

தோட்டம்

டவுனிலிருந்து ஆட்டோ ஏறி, காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தையும் கொழுந்து நிறுக்கும் மடுவத்தையும் தாண்டி, ரோதமுனி கோயில் திருப்பத்தில் இறங்கினேன். தேயிலையைப் பார்த்து வளர்ந்தவன் நான், ஆனாலும் இந்த மலை வேறு. கோத்தகிரியில் இப்போது கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. மேசைபோல் சமமாக வெட்டிவிடுவார்கள். இங்கே இன்னும் பத்து விரல். நிரை பிடித்து நின்ற பெண்கள் ஒருவர் மாற்றி ஒருவர், “யாரு வீட்டுக்கு ஐயா?” என்று கேட்டார்கள். சொன்னதும் ஒருத்தி கூடையோடு வந்து லயம்வரை கொண்டுவிட்டாள்.

பத்துக் காம்பரா வரிசையில் ஆறாவது. சின்ன அப்பாயிக்கு எண்பது தாண்டிவிட்டது. என் முகத்தை இரண்டு கையாலும் வழித்து, “அக்கா மூக்கு” என்றாள். அழுது முடிக்க நேரம் ஆயிற்று. பிறகு கோதுமை ரொட்டி தட்டினாள். தேங்காய்ப் பூ போட்டுப் பிசைந்த தடித்த ரொட்டி, அம்மியில் அரைத்த கட்டச் சம்பல், சாயத்தண்ணி. எங்கள் வீட்டில் அப்பாயி சாகும்வரை தட்டியது இதே ரொட்டி. நீலகிரியில் கோதுமை மாவு என்றால் சப்பாத்திதான், இந்தத் தடிப்பு வராது. ஒரு வாய் வைத்ததும் அப்பாயி கையென்றே இருந்தது.

சாப்பிட்டபின் முடிச்சை அவள் மடியில் வைத்தேன். அவிழ்க்குமுன்பே தெரிந்துகொண்டாள்.

“மாட்டுக் காசு.”

1970இல் அப்பாயியிடம் ஒரு கறவை மாடு இருந்தது. கப்பலேற வேண்டியிருக்கும் என்று தெரிந்ததும் விற்றாள். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 அக்டோபரில் கையெழுத்தானது. இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இங்கே என்று லட்சக்கணக்கில் பிரித்தார்கள். அப்பாயி வீட்டில் இந்தியாவுக்கு மனுப் போட்டிருந்தார்கள், சின்ன அப்பாயி புருஷன் வீட்டில் போடவில்லை. மாடு விற்ற பணத்தில் செலவு போக மிஞ்சியது இரண்டு ஐம்பது ரூபாய். ஒரு மாதக் கூலியைவிட அதிகம். ரோதமுனிக்கு நேர்ந்து, மஞ்சள் துணியில் முடிந்து, தலையணைக்குள் வைத்துத் தைத்தாள்.

அந்த 1970 அக்டோபர் கடைசியில் நிதியமைச்சர் என். எம். பெரேரா ஐம்பது, நூறு ரூபாய் நோட்டுகள் செல்லாதென அறிவித்தார். வரிக்கு ஒளித்த பணத்தை வெளியே இழுப்பது நோக்கம். கையில் இருப்பதை வங்கியில் ஒப்படைக்கச் சில நாள்கள்தான் கெடு. அக்டோபர் 26 தேதியிட்டுப் புது நோட்டு வந்தது.

“பேங்கில பேரு எழுதிக் குடுக்கணும்னாங்க. ஏது சல்லின்னு கேப்பாங்கன்னாங்க. அக்காவுக்குப் பயம். பேரு எழுதினா பாஸ்போட்டு விசயம் கெட்டுப் போயிரும்னு. யாருக்கிட்டயோ குடுத்தா மாத்தித் தரேன்னாங்க, பாதி எடுத்துக்குவாங்களாம். அதுக்கும் மனசு வரல. ஹட்டனுக்குப் போறேன்னு ரெண்டு தரம் ஸ்டேசன் வரைக்கும் நடந்தா. ரெண்டு தரமும் திரும்பி வந்துட்டா.”

“செல்லாதுன்னு தெரிஞ்சும் ஏன் வச்சிருந்துச்சு அப்பாயி?”

“சல்லி செத்தா மாடு இல்லன்னு ஆயிருமா சாமி?”

நான் வேறொரு காலையை நினைத்துக்கொண்டிருந்தேன். 2016 நவம்பரில் இந்தியாவில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போனபோது, வங்கி திறந்த பத்தாம் தேதி விடிகாலை அப்பாயி எல்லோருக்கும் முன்னால் எழுந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றாள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு ஐந்நூறு ரூபாய். நான் மாற்றிக்கொண்டு வருகிறேன், குளிரில் வரவேண்டாம் என்றேன். கேட்கவில்லை. வரிசையில் நாலு மணி நேரம் நின்றாள். உட்காரச் சொல்லி நாற்காலி தந்தார்கள், உட்காரவில்லை. மாற்றிய நோட்டுகளை வாங்கியதும் என்னைப் பார்த்து, “மாத்திட்டேன்டா” என்றாள். பலமுறை சொன்னாள். வயதானவளின் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன்.

சின்ன அப்பாயி நோட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். ஆசிரியர் சொன்ன விலையைச் சொன்னேன். வைத்துக்கொள்ளச் சொன்னேன். தலையாட்டி மறுத்தாள். 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு கிடைத்த தன் குடியுரிமைக் காகிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக் காட்டினாள். “எனக்கு இந்தத் தாளு போதும். அது அக்காவோடது, நீ வச்சுக்க.”

இருட்டுமுன் டவுனுக்கு இறங்க வேண்டும். நோட்டுகளைப் பழையபடி துணியில் வைத்து மடிக்கப் போனேன். அவள் கையை நீட்டித் துணியை மட்டும் உருவிக்கொண்டாள்.

“இது எங்கம்மா சீலை.”

ஆசிரியர் கொடுத்திருந்த கண்ணாடித் தாள் உறைகள் பையில் இருந்தன. நோட்டுகளை ஒவ்வொன்றாக அதில் செருகினேன். அவள் அந்தத் துணியை நாலாய் மடித்து, மோந்து பார்த்து, இடுப்பில் செருகிக்கொண்டு, வழிக்கு ரொட்டி கட்டப் போனாள்.